ஒத்தக்கால் சாம்பிள்

கட்டாயமாக்க வேண்டும் என்று மேசையைத் தட்டிக் கத்தியவள் நான்தான். அதனால் வேறு யாரையும் திட்ட எனக்கு வழியில்லை.

தில்லியில் எங்கள் வெளியுறவுப் பணியில் சேர்ந்து சில வருடங்கள் ஆனவர்களை உட்காரவைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். சண்டை நடக்கிற நாடுகளில் இருக்கும் நம் தூதரகங்களுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை. விருப்பப்பட்டவர்களை மட்டும் அனுப்புவதா, எல்லோரும் ஒரு முறை போயே ஆக வேண்டும் என்று விதி வைப்பதா? ஆளாளுக்கு மென்று முழுங்கினார்கள். ஒருவருக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருவருக்கு மாமனாரின் முட்டி வலி. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. எழுந்து நின்று, “சிபாரிசு இருப்பவர்கள் பாரிஸ், ரோம் என்று போய் உட்கார்ந்துகொள்வார்கள். நாதியில்லாதவன்தான் ஒவ்வொரு தடவையும் குண்டு விழுகிற ஊருக்குப் போவான். எல்லோருக்கும் முறை வையுங்கள்” என்று பொரிந்து தள்ளினேன். கைதட்டல் வேறு! அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

விதி வந்தது. முதல் ஆர்டரே எனக்கு.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயத்துக்கு முன்னால் சிரிப்புதான் வந்தது. ஆபீஸ் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, தனியாக நின்று சிரித்தேன். அப்புறம் அம்மா ஞாபகம் வந்தது. தண்ணீரை மூடினேன்.

அம்மாவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் தையல் வேலை. வெளிநாட்டுப் பையர் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்ட மாதிரி ஒரு ஷூ தைத்து அனுப்புவார்கள். ஜோடி இல்லை, ஒன்றே ஒன்று. அம்மாவின் கம்பெனியில் அது எப்போதும் வலதுகால்தான். ஜோடியாக அனுப்பினால் வழியிலேயே எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவான் என்பாள். அதைப் பார்த்துப் பையர் தலையாட்டினால்தான் இடதுகால் பிறக்கும். ஒத்தக்கால் சாம்பிள் என்று அதற்குப் பேர். கழித்துப்போட்ட சாம்பிள்கள் எங்கள் வீடெல்லாம் கிடக்கும். ஒன்றில் சீப்பு, ஒன்றில் சாவி, மாடியில் ஒன்றில் கற்றாழைகூட வளர்ந்தது.

ஊருக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னேன். டிவி தயவில் அந்த ஊரை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“அங்க இன்னாடி வேல உனக்கு? வேற ஆளே இல்லியா அவங்களுக்கு?”

“எல்லாரும் ஒரு தடவ போய்த்தான் ஆவணும்மா. ரூல் போட்டுட்டாங்க.”

“எவன் போட்டான் அந்த ரூல?”

நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “நீதான் கத்திருப்ப. எனக்குத் தெரியாது உன்ன?”

ஆனால் கத்தக் கற்றுக்கொடுத்தது யார்? நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மாவின் கம்பெனியில் பசை ஒட்டும் செக்‌ஷன் என்றாலே எல்லோருக்கும் நடுக்கம். அந்த வாடைக்குத் தலை கிறுகிறுக்கும், சோறு இறங்காது. சூப்பர்வைசருக்கு வேண்டியவர்கள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். அம்மா பெண்களையெல்லாம் திரட்டிக்கொண்டு மானேஜர் முன்னால் போய் நின்றாள். எல்லோருக்கும் முறை வை, இல்லாவிட்டால் எவளும் பசையைத் தொட மாட்டோம் என்றாள். முறை வந்தது. முதல் முறைக்கு அம்மாவே போனாள். தில்லியில் நான் பேசியது அத்தனையும் அம்மாவின் வசனம். இங்கிலீஷில் பேசினேன், அவ்வளவுதான்.

“பசைக்கு முறை வச்சது யாரும்மா?” என்று கேட்டேன்.

“அது பசைடி. வெளிய வந்து மூஞ்ச கழுவிக்கலாம். இது குண்டு.”

நான் கத்தியை எடுத்து மிச்ச பீன்ஸை நறுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் என்னைப் பாகாயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அவளுக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவர் உண்டு. முதுகு வலி, மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் தூக்கமில்லை என்று என் சார்பில் அம்மாவே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா என்னைத் தட்டிப் பார்த்தார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். “உங்க பொண்ணு கல்லு மாதிரி இருக்கா. நீங்க வாங்க இப்படி” என்று அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றினார். அம்மாவுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி. மாத்திரையும் கையுமாக பஸ்ஸில் திரும்பியபோது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், அப்பாடி!

தெருவுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. தோல் வியாபாரம் செய்கிற பக்கத்து வீட்டு பாய் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “பேஜார் ஆவாத பாப்பா. அங்க ஆட்டுத்தோலு கம்மி வெலைக்குக் கெடைக்குதாமே? ஒரு வார்த்த விசாரிச்சிட்டு வா.” அவருக்கு நான் திரும்பி வருவதில் சந்தேகமே இல்லை. கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

அம்மாவுக்குத்தான் சந்தேகம். முனையிலிருக்கும் கடைக்குத் தயிர் வாங்கப் போனாலும் “போயிட்டு வா” என்று சொல்லி அனுப்புகிறவள் அவள். நான் கிளம்புகிற நாள் வந்தும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வேலையை விடமாட்டேன், போவதில் மாற்றமில்லை. ஆனால் அம்மா அதைச் சொல்லாமல் எப்படிப் போவது? எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ஆட்டோ வந்து நின்றது. அம்மா ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் திணித்தாள். உள்ளே ஒரு ஷூ. கறுப்புத் தோல், தடித்த அடி, மூக்குக்குள் இரும்பு.

“சேஃப்டி ஷூ. ஜெர்மன்காரனுக்குத் தைக்கிற அதே மாடல். உன் அளவுக்குத் தச்சேன்.”

“இன்னொன்னு எங்கம்மா?”

“இங்க இருக்கும். வந்து போட்டுக்க.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒற்றை ஷூவோடு நான் பட்ட பாடு இருக்கிறதே! சென்னை ஏர்போர்ட்டில் மெஷின் கத்தியது. “இன்னொரு ஷூ எங்க மேடம்?” என்றார் அதிகாரி. “அம்மாகிட்ட இருக்கு சார்” என்றேன். அவர் குனிந்து, எனக்கு இரண்டு கால் இருக்கிறதா என்று பார்த்தார். போய் இறங்கிய ஊரிலோ துப்பாக்கிக்காரர்கள் சுற்றி நின்று அதைக் கவிழ்த்தார்கள், குலுக்கினார்கள், விளக்கடித்தார்கள். மோப்ப நாய் ஒன்று முகர்ந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. வெடிகுண்டென்று எல்லோரும் பின்வாங்கினார்கள். நாய் ஷூவை நக்கிற்று. ஆம்பூர்த் தோல், அதற்கு ருசி தெரியாதா?

தூதரகத்தைச் சுற்றி மணல் மூட்டை. சைரன் ஊதினால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிலவறைக்கு ஓட வேண்டும். முதல் தடவை ஊதியபோது ஹெல்மெட்டை விட்டுவிட்டு ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தூதர் மிகவும் கம்பீரமான மனிதர். அன்று பைஜாமாவில் இருந்தார். “எதற்கம்மா இது?” என்றார். “இதுக்கு ஜோடி ஊர்ல இருக்கு சார்” என்றேன். ஒரு கணம் பார்த்துவிட்டு அவர் சிரிக்க, எல்லோரும் சிரிக்க, மேலே எங்கோ விழுந்து சுவர் அதிர, நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதற்கப்புறம் எப்போது சைரன் ஊதினாலும், “ஷூ வந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே பயந்தேன். ஒரு முறை பக்கத்துச் சந்தை பற்றி எரிந்து, போன் எதுவும் வேலை செய்யாமல் கிடந்தபோது, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். லைன் வந்ததும் அம்மா, “சாப்டியா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பேச்சு முடிந்தது.

பாதிக் காலம் முடிந்து லீவில் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, “குடும்மா என் ஷூவ!” என்றேன். அம்மா பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினாள். பையிலிருந்த வலதுகாலை எடுத்து மாட்டினேன், கச்சிதம். பெட்டியிலிருந்ததை எடுத்து இடதுகாலை நுழைத்தேன். போகவில்லை. அழுத்தினேன். ம்ஹூம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு மூக்கும் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன.

“அம்மா! இதுவும் வலதுகால்!”

தரையில் உருண்டு சிரித்தேன். இத்தனை வருஷம் சாம்பிள் ரூமில் ஊறினவள்! அம்மாவும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்:

“அன்னிக்கு டிவில உன் ஊரு எரியுது. போன் போட்டா போவல. போய் மெஷின்ல உக்காந்துட்டேன். கை பாட்டுக்குத் தைக்குது. வலதா எடதான்னு எவடி பாத்தா?”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான். இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

லீவு முடிந்தது. மறுபடியும் ஆட்டோ வந்து நின்றது. ஒரு வலதுகாலை நான் எடுத்துக்கொண்டேன், இன்னொரு வலதுகால் பீரோ மேல் ஏறியது. ஆட்டோ நகர்ந்தபோது அம்மா வாசலுக்கு ஓடிவந்து தெருவே கேட்கும்படி கத்தினாள்:

“போயிட்டு வாடி! எடதுகால் பாக்கி இருக்கு!”