வெந்நீர் போடாத சாயங்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு என் மகள் குளித்துவிட்டு வந்து, தலையில் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கட்டை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, நூத்தி இருபத்தெட்டு காட்டுது. தலை வேற கிறுகிறுன்னு வருது."

பிறந்தநாளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. நேரத்தோடு இதயத் துடிப்பையும் காட்டும். கீசரைப் போட்டுவிட்டு, கண்ணாடியில் முகம் மறையும் அளவுக்கு ஆவி கட்டும்வரை ஷவருக்கு அடியில் நிற்பது அவள் வழக்கம். எத்தனை தடவை சொல்லியும் கேட்டதில்லை.

நான் செருப்புகூடப் போடாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினேன். மருத்துவர் இளம்பெண். பொறுமையாகச் சோதித்துவிட்டுச் சொன்னார்: சூடு பட்டால் தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் விரியும், ரத்தம் அந்தப் பக்கம் போகும், அழுத்தம் தாழும், அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். உடம்பு ஆறினால் அதுவும் அடங்கிவிடும். தண்ணீரின் சூட்டைக் குறைத்தால் போதும். "வெந்நீர்ல குளிச்சா எல்லாருக்கும் இப்படித்தாம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தார்.

மகளுக்கு வீடு வந்து சேர்வதற்குள் சரியாகிவிட்டது. எனக்கு இன்னும் சரியாகவில்லை. அவள் தூங்கிய பிறகும் அவள் நெஞ்சில் கையை வைத்துப் பார்க்கிறேன். மருத்துவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எட்டு வயதில் அதையே என் அப்பாவின் வாயிலிருந்து தினமும் கேட்டவள் நான். அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் நாங்கள் முன்பே கண்டுபிடித்திருப்போம்.

அப்பா ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத்தைச் செப்பனிடும் கூட்டத்தில் ஒருவர். கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். சித்திரையில் சுற்றியுள்ள கரிசல் நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிட்டிப்புள் விளையாடும் என் குச்சி ஒருமுறை ஒரு வெடிப்புக்குள் விழுந்தது, எடுக்கவே முடியவில்லை. அப்படிப்பட்ட வெயிலில் வேலை முடிந்து வரும் அப்பா குளிக்க வெந்நீர் கேட்பார். மாசியில் தொடங்கிய பழக்கம் அது. கத்திரி வெயில் வந்தும் விடவில்லை.

எதிர்வீட்டு அத்தை இதைச் சும்மா விடமாட்டாள். மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு முக்காட்டோடு வரும்போதே வாசலில் நின்று சீண்டுவாள்.

"ஏன் மதினி, இந்த வெயில்ல அண்ணாச்சிய இப்படி அவிச்சு எடுக்குதீங்களே, ராத்திரிக்குக் கொழம்பு வைக்கவா?"

"நாள் பூரா சம்மட்டி அடிச்ச உடம்புல்லா? வலிக்காதா?" என்பாள் அம்மா, காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை முழங்காலில் வைத்து ஒடித்து அடுப்பில் திணித்தபடி. கொஞ்சம் பெருமையாகவே சொல்வாள். எதிர்வீட்டு மாமா ஆபீசில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவர்.

குளித்துவிட்டு வந்து அப்பா வாசலில் நார்க்கட்டிலில் மல்லாந்து கிடப்பார். அது என் நேரம். தண்டவாளத்தில் காதை வைத்தால் தூரத்து ரயில் கேட்கும் என்று சொன்னவர் அவர்தான். ஆனால் தண்டவாளத்துப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்றவரும் அவர்தான். ஆகவே நான் அவருடைய ஈர மார்பில் காதை வைப்பேன். உள்ளே கூட்ஸ் வண்டி தடதடவென்று போகும். நடுவில் ஒரு பெட்டியைக் காணோம் என்பதுபோல் சத்தம் நிற்கும். அடுத்து இரண்டு பெட்டிகள் முட்டிக்கொண்டு வரும்.

"ஏம்ப்பா இம்புட்டு வேகமாப் போகுது?"

"வெந்நீர்ல குளிச்சா எல்லாருக்கும் இப்படித்தான்ட்டி."

நான் சோதித்தும் பார்த்தேன். ஒருநாள் அடம்பிடித்து எனக்கும் வெந்நீர் ஊற்றச் சொல்லி, குளித்த கையோடு என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். வேகமாகத்தான் ஓடியது. அப்பா சொன்னது சரி. அதன் பிறகு அவருக்கு மூச்சு வாங்கினாலும், உதடு கருத்திருந்தாலும், பேச்சைப் பாதியில் நிறுத்திக் கண்ணை மூடினாலும், வீட்டில் எல்லாப் பழியையும் வெந்நீரே ஏற்றுக்கொண்டது.

வைகாசி பிறந்த வாரத்தில் தண்ணீர் லாரி வரவில்லை. அம்மாவும் எதிர்வீட்டு அத்தையும் குடங்களோடு ரோட்டோரம் வெயிலில் காத்திருந்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். குடிக்க மட்டும் கொஞ்சம் இருந்தது. அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்தார்.

"இன்னைக்குக் குளிக்கத் தண்ணி கிடையாது. துணிய நனைச்சுத் தொடச்சுக்கிடுங்க" என்றாள் அம்மா.

அப்பா அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் நெருப்பு இல்லை. "ஒரு செம்பாவது சூடு பண்ணித் தாயேன்."

"ஒரு செம்புல குளிக்க நீங்க என்ன காக்காயா?"

அவர் சிரிக்கவில்லை. சட்டையோடு கட்டிலில் சாய்ந்தார். நான் ஓடிப்போய் அவர்மேல் விழுந்தேன். "வேர்வையா இருக்கேன், தள்ளிப் போட்டி" என்று என்னை விலக்கப் பார்த்தார். கையில் பலமில்லை. சட்டையின் மேலேயே காதை வைத்துவிட்டேன். அன்று ஓடியதுபோல் அந்த வண்டி என்றைக்கும் ஓடியதில்லை. எந்தப் பெட்டி வருகிறது, எது விட்டுப் போகிறது என்றே பிடிபடவில்லை.

"ஐ! நீங்க இன்னும் குளிக்கவே இல்லையே!" என்று கத்தினேன். விளையாட்டில் அவரைத் தோற்கடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் குடிக்க நீச்சத்தண்ணிச் செம்போடு நிலைப்படியைத் தாண்டிய அம்மா அப்படியே நின்றாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்னங்க இது?"

"வெயிலு. வெயில்ல வந்தா இப்படித்தான்."

அம்மா அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். "நானும்தான் காலையில இருந்து வெயில்ல நின்னேன். எனக்கு இப்படி ஓடலையே."

அப்பா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல எழுந்தவர், முழங்கால் மடங்கிக் கட்டில் சட்டத்தில் சரிந்தார். எதிர்வீட்டு அத்தை ஓடிவந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தன் மகனை ஸ்டேஷனுக்கு விரட்டினாள். கையில் கிடைத்த அரிசி புடைக்கும் சொளகால் விசிறிக்கொண்டே மாதாவைக் கூப்பிட்டாள். அம்மா தன் கையை நம்பவில்லை. என் தலையைப் பிடித்து அவர் நெஞ்சில் அழுத்தினாள்.

"ஏட்டி, காத வையி. ஓடுதா?"

"ஓடுதும்மா."

"நல்லாக் கேளு. ஓடுதா?"

"ஓடுது. நடுவுல நடுவுல நிக்குது."

"நிக்குதா? நிக்குதாட்டி?"

"இல்ல, ஓடுது, ஓடுது."

எத்தனை தரம் கேட்டாளோ தெரியாது. காது வலித்தும் நான் தலையை எடுக்கவில்லை. எடுத்தால் உள்ளே ஓடுவது நின்றுவிடும் என்று எப்படியோ எனக்குத் தோன்றிவிட்டது. அப்பாவின் வேர்வை என் கன்னத்தில் சில்லென்று இருந்தது.

கடைசியில் வந்தவர் அப்பாவின் கேங் மேஸ்திரி. ரோட்டில் போன ஒரு வேனை மறித்து ஏறி வந்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து அப்பாவைத் தூக்கி வேனில் கிடத்தினார். அப்போது அம்மா, "அண்ணாச்சி, வெயில்ல கெடந்து உழைச்சு உழைச்சு அவிய இப்படி ஆயிட்டாவளே" என்றாள்.

மேஸ்திரி தோள்துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"தங்கச்சி, மாசியில இருந்து அவன் சம்மட்டியத் தொடவே இல்ல. லைன்ல வச்சே மயங்கி விழுந்தான். ரயில்வே டாக்டருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தள்ளிருவாங்க, வீட்டுல மட்டும் சொல்லிராதீங்கன்னு எங்க கையப் பிடிச்சு அழுதான். அவன் பங்கையும் நாங்கதான் பிரிச்சுச் செய்யுதோம். அவன வேப்பமரத்து நெழல்லதாம்மா உக்கார வச்சிருக்கோம்."

அப்பா பிழைத்ததும், வேலை போகாமல் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று கிடைத்ததும் பின்னால் நடந்தவை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, அப்பா இத்தனை நாளும் வெயிலில் காயவில்லை, நிழலில் இருந்திருக்கிறார் என்பதுதான். எவ்வளவு நல்ல மாமாக்கள் என்று நினைத்தேன். அதுவரை அழாத அம்மா ஏன் அதைக் கேட்டதும் வேன் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதாள் என்று புரியவில்லை. வேலையே செய்யாதவருக்கு உடம்பு எப்படி வலித்தது, வலிக்காத உடம்புக்கு எதற்கு வெந்நீர் என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.