மூட்டைக்குள் திருத்திய பட்டியல்

என் அண்ணிக்குத் தயக்கம் என்பதே கிடையாது. ஒரு பேனா வாங்கினால்கூடக் கடைக்காரர் முன்னாலேயே நாலு வரி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். என் அண்ணன் அவருக்கு 'மேனேஜரம்மா' என்று பேர் வைத்திருக்கிறான். அவரும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. உத்தியோகம் வந்துவிட்டது, சம்பளம்தான் வரவில்லை என்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே எம்பிராய்டரி பட்டறையில் வேலை செய்கிறோம். நீளமான ஒரே அறை. ஒரு கோடியில் மெஷின். நடுவில் முதலாளியின் மேஜையும் கம்ப்யூட்டரும். அவர் நாற்காலிக்குப் பின்னால் நூல் வெட்டும் மேஜை. தைத்து வரும் துணியில் தொங்கும் நூலை அங்கே உட்கார்ந்து கத்தரிப்போம். அண்ணியும் மூன்று வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் செய்தார். போன வருடம் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்து ஒரே நாளில் கிளம்பிவிட்டார். மெஷின் இரண்டு நாள் சும்மா நின்றது. மூன்றாம் நாள் காலை அண்ணி கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"முதலாளி, நான் ஓட்டறேன்."

"உனக்கு என்னம்மா தெரியும்?"

"மூணு வருஷமா அவர் முதுகைத்தான பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

நூல் கோப்பது, துணியை பிரேமில் இறுக்குவது எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரியாதது ஒன்றுதான். வாடிக்கையாளர் அனுப்பிய டிசைனை பென்டிரைவில் போட்டு மெஷினில் செருகினார். மெஷின் திரையில் ஒன்றுமே இல்லை. கழற்றிச் செருகினார், துடைத்துச் செருகினார். வெறும் திரை. முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி அதைக் கவனிக்காதது போல, "மெஷினுக்கு இன்னும் தூக்கம் கலையல" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் போனார்.

வந்திருந்தது ஜிப் ஃபைல். டிசைன், நிறப் பட்டியல், மாதிரிப் படம் எல்லாவற்றையும் ஒன்றாக அமுக்கிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் அதை இரண்டு தட்டு தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். தெரிகிறதே என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். அண்ணி அதை இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். மதியம் சாப்பிடும்போது எனக்குச் சொன்னார்:

"இது கட்டின மூட்டை மாதிரி. கண்ணாடித் துணியில கட்டினது. வெளிய நின்னே உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம். ஆனா பாக்கறது வேற, அவுத்து எடுக்கறது வேற. எக்ஸ்ட்ராக்ட் குடுத்து ஒரு ஃபோல்டர்ல எறக்கி வச்சாத்தான் சாமான் நம்ம கைக்கு வரும். மெஷினுக்கு மூட்டையக் குடுத்தா அது என்ன பண்ணும் பாவம்."

அன்றைக்கே போனிலும் கற்றுக்கொண்டார். அண்ணன் வேன் ஓட்டுகிறவன். கம்பெனியிலிருந்து அவனுக்கு ஒரு ஜிப் வந்திருந்தது, வண்டிக் காகிதமெல்லாம் அதில். அது திறக்காததால், போன் கெட்டுப்போச்சு என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தான். அதைத் திறக்க மூன்று ஆப் வேறு இறக்கியிருந்தான், போன் முழுக்க விளம்பரமாகக் கொட்டியது. அண்ணி மூன்றையும் தூக்கிவிட்டு, போனிலேயே இருந்த ஃபைல்ஸைத் திறந்தார். ஜிப்பைத் தட்டினார், எக்ஸ்ட்ராக்ட் என்று வந்ததை அமுக்கினார், அது எந்த ஃபோல்டரில் போய் இறங்கியது என்று காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.

"இவ்வளவேதான். இதுக்குத்தான் ஒரு வாரமா போனை முறைச்சிட்டு இருந்தீங்க."

தெரியாத நம்பரிலிருந்து 'உங்கள் பரிசு' என்று ஒரு ஜிப் வந்தபோது, அதை மட்டும் தொடவே விடவில்லை. "ரோட்டுல போறவன் குடுத்த மூட்டைய வீட்டுக்குள்ள அவுப்பீங்களா?" என்று கேட்டு அழித்துவிட்டார்.

இப்படி ஏழு மாதம் மெஷின் அவர் கையில் நன்றாகத்தான் ஓடியது. அதன் பிறகு வந்தது கைப்பந்து டீமின் ஜாக்கெட்.

பதினாலு ஜாக்கெட். ஒவ்வொன்றின் முதுகிலும் டீமின் சின்னமும் ஆட்டக்காரரின் எண்ணும் தைக்க வேண்டும். எந்த எண் எந்த அளவு ஜாக்கெட்டில் என்ற பட்டியலும் அதே ஜிப்பில் இருந்தது. அண்ணி வெளியே போயிருந்த நேரத்தில் டீமின் கோச் போன் செய்து மூன்று எண்களுக்கு அளவை மாற்றச் சொன்னார். முதலாளி உடனே கம்ப்யூட்டரில் பட்டியலைத் திருத்தினார். அண்ணி வந்ததும், "பட்டியலத் திருத்திட்டேன், எடுத்துக்கோ" என்றார். அண்ணி ஜிப்பை அவிழ்த்து, பட்டியலை அச்செடுத்து, அதைப் பார்த்துத் தைத்தார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு கோச் வந்தார். மறுநாள் மதியம் டீம் பந்தயத்துக்குக் கிளம்புகிறது. ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தவர் நாலாம் எண்ணைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"சார், என் நாலாம் நம்பர் ஆறடி ரெண்டங்குலம். இந்த ஜாக்கெட்டை அவன் தொப்பியாத்தான் மாட்டிக்கணும்."

மாற்றச் சொன்ன மூன்றும் பழைய அளவிலேயே இருந்தன. அந்தத் துணியில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை மறையாது. மூன்றும் வீண். கோச்சை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு முதலாளி மெஷின் பக்கம் வந்தார்.

"நான் என் கையால திருத்தினேன். நீ பழைய பேப்பரப் பாத்துத் தச்சிருக்க."

"இல்ல முதலாளி. நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் ஜிப்பை அவுத்தேன்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

அவர் அங்கேயே போனை எடுத்தார். பக்கத்துப் பட்டறையில் ஆள் குறைத்தபோது வேலை போன ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னார். பிறகு அண்ணியிடம், "நாளையிலேந்து நீ பழையபடி நூல் வெட்டு" என்றார்.

அண்ணி அழவில்லை, கெஞ்சவில்லை. அச்செடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "ஜிப்புக்குள்ள பழசு இருக்கு. இவர் திருத்தினது நெசம்னா அது எங்க போச்சு?" என்று தனக்குள் பேசுவது போலச் சொன்னார்.

அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அவர் திருத்திய அன்றைக்கு நான் அவர் நாற்காலிக்குப் பின்னால்தானே உட்கார்ந்திருந்தேன். முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் எதைக் கேட்டாலும் 'நோ' கொடுப்பார். ஒரு தடவை எதற்கோ 'யெஸ்' கொடுத்து வைரஸ் வந்துவிட்டதாம். அதிலிருந்து எங்களுக்கும் அதுதான் சட்டம்: என்ன கேக்குதுன்னு படிக்காத, நோ குடு. முதுகுக்குப் பின்னால் நாங்கள் அவரை 'நோ சார்' என்போம்.

அதுவரை நான் முதலாளியை எதிர்த்துப் பேசியதில்லை. இருந்தும் சொன்னேன். "முதலாளி... மூடும்போது ஒண்ணு கேட்டுச்சு. நீங்க நோ குடுத்தீங்க."

அறையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது.

"முதலாளி, ஒரே ஒரு தடவை. அன்னைக்கு எப்படித் திருத்தினீங்களோ அப்படியே இப்ப திருத்துங்க. நான் எதையும் தொடல, கையக் கட்டிட்டு நிக்கறேன்."

முதலாளி விறைப்பாக உட்கார்ந்தார். ஜிப்பை இரண்டு தட்டு தட்டினார். உள்ளே தெரிந்த பட்டியலைத் திறந்தார். மூன்று வரியையும் மாற்றினார், சேவ் செய்தார், மூடினார். உடனே ஒரு சின்னப் பெட்டி எழுந்து வந்தது. அவர் விரல் தானாகவே 'நோ'வை அமுக்கியது. அமுக்கிய பிறகுதான் விரலையே பார்த்தார்.

"இப்பத் தெறந்து பாருங்க" என்றார் அண்ணி.

திறந்தார். மூன்று வரியும் பழையபடியே இருந்தன. நாலாம் எண்ணுக்குச் சின்ன அளவு.

"சேவ் பண்ணினேனே!"

"பண்ணினீங்க. மூட்டைய அவுக்காம உள்ள இருக்கறதத் தெறந்தா கம்ப்யூட்டர் அதுக்கு ஒரு நகல் எடுத்துத் தரும். நீங்க திருத்தினது நகலத்தான். மூடும்போது, 'நகல் மாறியிருக்கு, மூட்டைக்குள்ளயும் மாத்தி வைக்கவா'ன்னு கேக்குது. நீங்க வேணாம்னுட்டீங்க. அது நல்ல பிள்ளையா நகலத் தூக்கிப் போட்டுருச்சு."

வாசலிலிருந்து கோச் எட்டிப் பார்த்து, "சார், நாலாம் நம்பர் வளர்ந்துட்டே இருக்கான், சீக்கிரம்" என்றார். யாருக்கோ சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

முதலாளி பட்டியலை மூடினார். மன்னிப்பு கேட்கிற மனிதர் இல்லை அவர். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, அதை அண்ணி பக்கம் தள்ளினார். "நீயே எடுத்துத் திருத்து. மூணு ஜாக்கெட்டும் நான் போய் வாங்கிட்டு வரேன்."

"சரி. இனிமே ஜிப் எது வந்தாலும் முதல்ல எங்கிட்ட வரட்டும். நான் அவுத்து ஃபோல்டர்ல வச்சதுக்கு அப்புறம் யார் வேணாலும் திருத்தட்டும். மூட்டைக்குள்ள கைய விட்டு யாரும் வேலை செய்ய வேணாம். நீங்களும்தான் முதலாளி."

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். புது ஜாக்கெட் வருவதற்குள் அண்ணி எல்லாவற்றையும் தனி ஃபோல்டரில் இறக்கி, மூன்று வரியைத் திருத்தி, கோச்சிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். மாலை ஐந்து மணிக்குள் மூன்று முதுகும் தைத்து முடிந்தன. நூலை நான் வெட்டினேன். கோச் பதினாலையும் இரண்டு பைகளில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

கோபத்தில் கூப்பிட்டிருந்த ஆபரேட்டரை முதலாளி மறந்தே போனார். மறுநாள் காலை சரியாக எட்டு மணிக்கு, தலை வாரி, தோளில் பையோடு அவர் வாசலில் நின்றார். முதலாளி எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள வீணா அலைய வச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க மெஷினுக்கு ஆள் இருக்காங்க."

சத்தமாகத்தான் சொன்னார், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. அண்ணி திரும்பவில்லை. பிரேமில் அடுத்த துணியை இறுக்கி, பச்சை நூலை ஊசியில் கோத்து, மெஷினை ஓட விட்டார்.