நிமிடத்துக்கு அரை டிகிரி

ஆய்வகத்தில் அவளை ‘ஆமை அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் நாப்தாவைத் தரமான பெட்ரோலாக்க உதவும் வினையூக்கியைத் தயாரிப்பது அவள் வேலை. ஜியோலைட் என்ற வெள்ளைத் தூளின் நுண்துளைகளுக்குள் பிளாட்டினத்தை ஏற்றி, கழுவி, உலர்த்தி, உலையில் வைப்பாள். நிமிடத்துக்கு அரை டிகிரிதான் சூடேற்றுவாள். முந்நூற்றைம்பதைத் தொட ஏறக்குறைய பதினொரு மணி நேரம் பிடிக்கும்.

புதிதாக வந்த பிரிவுத் தலைவருக்கு இது பொறுக்கவில்லை.

“அதே தூள், அதே பிளாட்டினம். ஒரு மணி நேரத்துல சுட்டு எடுங்கம்மா.”

“அவசரமா சுட்டா பிளாட்டினம் துளையை விட்டு வெளிய வந்து கட்டி கட்டியா திரண்டுக்கும் சார்.”

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தானே உலையை முடுக்கினார். சோதனையில் அந்தத் தூள் ஆறே மணி நேரத்தில் கரி பிடித்துப் படுத்துவிட்டது. அடுத்த நாள் அறிக்கை வந்தது: ‘தயாரித்தவரின் கவனக்குறைவு.’ கீழே அவள் பெயர், கையெழுத்துக்குக் காலி இடம்.

வீட்டில், பஸ் ஓட்டும் கணவன் சட்டையைக் கழற்றியபடியே சொன்னான். “ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலையேன். எதுக்கு வம்பு?”

“பிரேக் பிடிக்காத வண்டியை ஓட்டச் சொல்லிட்டு, இடிச்சது உன் தப்புன்னு எழுதினா நீங்க போடுவீங்களா?”

அவன் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் காலை அவள் அறிக்கையின் மேல் ‘மறுக்கிறேன்’ என்று எழுதி நீட்டினாள். அதோடு விடவில்லை. ஒரே டப்பாவிலிருந்து தூள் எடுத்தாள். பிளாட்டினமும் ஒரே அளவு. பாதியை அவர் சொன்னபடி சுட்டாள், மீதியைத் தன் வழியில். அடுத்த நாள் காலை இரண்டையும் எல்லோர் கண்ணெதிரே சோதனைக்கு ஏற்றினாள். அவர் வழியில் வந்தது மாலைக்குள் கறுத்துப்போனது. அவளுடையது ஐந்தாம் நாளும் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய அறிக்கை சத்தமில்லாமல் காணாமல் போனது. அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை: இனி மெதுவாகவே சூடேற்ற வேண்டும். கீழே தலைவரின் பெயர் மட்டும்.

அவள் அதைப் பிய்த்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

“இதுல என் பேரைக் காணோமே சார்?”

“யாரு செஞ்சா என்னம்மா? வேலை நடந்தா சரி.”

“பழி போடுறப்போ மட்டும் என் பேரு ஞாபகம் வந்துச்சே. இப்பவும் வரட்டும்.”

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் நகரவில்லை. வெளியே இருவர் காத்திருந்தார்கள். கதவை அவள் மூடவும் இல்லை. கடைசியில் அவர் பேனாவை எடுத்தார். எழுதியதை அவள் எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

“இன்ஷியல் தப்பு சார்” என்றாள்.