சமயநல்லூரில் ஒரு டம்ளர் சீனித்தண்ணீர்

விழுப்புரத்தில் ராத்திரி பஸ் ஏறி, வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் இறங்கினேன். வாடிப்பட்டியில் அக்கா மகன் வீடு கட்டியிருக்கிறான். மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள்.

எனக்குச் சர்க்கரை வியாதி. சோற்றைக் குறைத்து, காய், கீரை, பயறு என்று நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார் டாக்டர். அதற்கு மேல் ஊரில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். எரிச்சல் தாங்காமல் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். மாத்திரை மட்டும் பழைய அளவுதான். அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

அன்றும் இரண்டு வெள்ளரிக்காயைத் தின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். நாற்பது ரூபாய்க்கு அரைக் கிலோ கொய்யா வாங்கினேன். டவுன் பஸ்ஸில் காளவாசல் வந்து சேர ஒரு மணி நேரம். நடந்தே வந்திருக்கலாம், அவ்வளவு நெரிசல். ஒன்பதரைக்கு அங்கே வாடிப்பட்டி பஸ் கிடைத்தது. இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

பஸ்ஸில் பாட்டு அலறியது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் கத்தினேன். பரவை தாண்டியதும், பக்கத்தில் இருந்த அம்மாவின் பை காலில் உரசியது என்று அவரிடமும் கத்தினேன். ஐம்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் கிளார்க் என்று பிறகு தெரிந்தது. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணே, இது கோவமா, இல்ல சுகர் இறங்குதா?"

"உங்க வேலையைப் பாருங்க" என்றேன். நாக்கு குழறியது.

கண்டக்டர் சிரித்தார். "சுகராவது ஒண்ணாவது. ஏறுனதுல இருந்தே இவரு இப்படித்தேன்."

"சன்னலோரம் காத்து இம்புட்டு அடிக்குது, இவருக்கு வேர்வை ஊத்துது. கையப் பாருங்க, நடுங்குது."

பார்த்தேன். நடுங்கியது. கண்ணும் மங்கியது. அப்போதுதான் பயந்தேன். பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்தேன். அந்த அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"இது நார்ச்சத்து, மெதுவாத்தேன் ஏத்தும். அதுக்குள்ள நீங்க மயங்கிருவீக. இப்ப சீனி வேணும்."

கண்டக்டரின் சிரிப்பு நின்றது. "மாப்ள, சமயநல்லூர் டீக்கடையில ஓரங்கட்டு!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடினார். கடைக்காரர் டம்ளரில் சீனியை அள்ளிப்போட்டு, தண்ணீர் ஊற்றி, கலக்கியபடியே வந்து சன்னல் வழியாக நீட்டினார். காசு வாங்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த பஸ். ஒருத்தர்கூட 'வண்டியை எடு' என்று சொல்லவில்லை. பின்னால் இருந்து ஒரு ஆள் மட்டும், "அண்ணே, தெளிஞ்சதும் எங்களையும் ரெண்டு திட்டுங்க, எங்களுக்குத்தேன் பாக்கி" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் பார்வை தெளிந்தது. அதுவரை பஸ் நகரவில்லை. இந்த ஊர்க்காரர்களைக் கும்பிடலாம்.

"இப்பத் திங்கலாம்" என்று கொய்யாவைத் திருப்பிக் கொடுத்தார் அந்த அம்மா. தன் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து காட்டினார். ஒரு ஓரத்தில் கைப்பிடிச் சோறு, மீதியெல்லாம் அவரைக்காய், முருங்கைக்கீரை, தட்டைப்பயறு. "எனக்கும் பன்னெண்டு வருசமா சுகர்தேன். சோத்த அடியோட விட்டுட்டு மாத்திரைய மட்டும் முழுங்குனா இப்படித்தேன் ஆகும். டாக்டர்ட்ட சொன்னீகளா?"

சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை.

வாடிப்பட்டியில் இறங்கியதும் டாக்டருக்குப் போன் போட்டேன். திட்டினார். திருப்பிக் கத்தாமல் கேட்டுக்கொண்டேன். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததை மனைவியிடம் சொன்னேன்.

"இனிமே நான் காரணமில்லாம கத்துனா, உடனே சீனித்தண்ணி கொடு."

"காரணத்தோட என்னைக்குக் கத்துனீங்க? நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வேர்க்குதான்னு பாரு. கை நடுங்குதான்னு பாரு. அந்தம்மா அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க."

"அதுக்குக் கிட்ட வரணுமே" என்றாள்.