கப்பல் விருந்துக்கு அரைக்கைக் கோட்டு

அடுத்த மாதம் மகளைப் பார்க்க நானும் மனைவியும் கப்பலில் சிங்கப்பூர் போகிறோம். அதில் ராத்திரி விருந்துக்குக் கோட்டு போடாமல் உள்ளே விட மாட்டார்களாம்.

இன்று இருவருமாகக் கோரிப்பாளையத்தில் பாயின் தையல் கடைக்குப் போனோம்.

"கோட்டா? யாருக்குண்ணே கல்யாணம்?" என்றார் பாய்.

"கல்யாணம் இல்ல பாய், கப்பல்ல சாப்பிடணும்."

கை அளவெடுக்க டேப்பை மணிக்கட்டு வரை இழுத்தார். முழங்கையிலேயே பிடித்து நிறுத்தினேன்.

"இம்புட்டுப் போதும்."

"கோட்டுக்கு அரைக்கையா? சிரிப்பாங்கண்ணே."

"முழுக்கைய ரசத்துல முக்குனா மட்டும் சிரிக்க மாட்டாங்களா?"

"எல்லாரையும் மாதிரி கரண்டியில சாப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

"நான் கையாலதான் சாப்பிடுவேன். நீங்க வெட்டுங்க பாய்."

வெட்டிவிட்டார்.

கப்பலில் போனவர்கள் யாராவது சொல்லுங்கள்: அங்கே ரசம் ஊற்றுவார்கள்தானே?