டிரம்மில் போட்டுவிட்டு வந்த ஓஸ்

சளசளவென்று டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம்... ராத்திரி பகல் எந்நேரமும் எங்கள் வாசலில் அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். உச்சியில் ஊற்று. அங்கிருந்து ஒரு கருப்பு ஓஸ் செடிகளுக்கு ஊடே இறங்கி வந்து எங்கள் டிரம்மில் விழும். நிறைந்தால் வழியும், வழிந்தது ஏலச்செடிக்குப் போகும். அதை மூட ஒரு குழாய்கூடக் கிடையாது.

சின்ன வயதில் ஒருமுறை விளையாட்டாக ஓஸ் வாயில் துணியைத் திணித்து அடைத்தேன். மேலே ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டது. அப்பா மழையில் ஏறிப் போய் மாட்டிவிட்டு வந்தார்.

"ஓடுற தண்ணிய எதுக்குடா அடைக்கிற? அது பாட்டுக்குப் போகட்டும்" என்று முதுகில் ஒன்று வைத்தார். படிப்பு ஏறாத மண்டையில் அது மட்டும் நன்றாக ஏறிவிட்டது.

நேற்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் என் வெள்ளை யூனிஃபார்ம் போட்டோவைப் போட்டு 'போடி சிங்கம்' என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சிங்கத்தின் லட்சணத்தைக் கேளுங்கள் மாப்ளைகளா.

கடற்படையில் சேர்ந்து முதல் கப்பல். சின்னக் கப்பல். துறைமுகத்தில் ஏற்றிக்கொள்ளும் நல்ல தண்ணீர்தான் திரும்பி வரும்வரை எல்லோருக்கும். சொல்லித்தான் கொடுத்தார்கள். சுற்றிலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் எனக்கு உறைக்கவில்லை...

சமையல்கட்டில் பன்வாரி என்று ஒரு ராஜஸ்தான்காரர். பையா என்று கூப்பிடுவேன். என்னிடம் அண்ணன் மாதிரி இருப்பார். ஒரு நாள் காலையில் டிரம்மில் தண்ணீர் பிடிக்கச் சொல்லிவிட்டு அவர் ஸ்டோருக்குப் போனார். ஓஸை டிரம்மில் போட்டேன், திறந்துவிட்டேன். என் கணக்கில் வேலை முடிந்தது. மேல்தளத்தில் யாரோ பறக்கும் மீன் என்று கத்த, ஏணியில் ஏறி ஓடினேன்.

ஏறும்போது அந்தச் சளசள சத்தம் காதில் விழுந்தது. வீட்டில் இருப்பதுபோல நிம்மதியாகத்தான் இருந்தது. சத்தம் நின்றிருந்தால்தான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

வேடிக்கையில் நேரம் போனதே தெரியவில்லை. ஆட்கள் ஓடிவந்து மூடியபோது தண்ணீர் டேங்க் பாதிக்கு மேல் காலி. எல்லாம் வடிகாலில் இறங்கிப் போய்விட்டது.

அதிகாரி என்னை அத்தனை பேர் முன்னாலும் நிறுத்தி, ஏன் மூடவில்லை என்று கேட்டார். அரைகுறை ஹிந்தியில் உள்ளதைச் சொன்னேன்.

"எங்க ஊர்ல தண்ணிய மூட மாட்டோம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். கரை சேரும்வரை குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் நல்ல தண்ணீர், குளியல் கடல் தண்ணீரில் என்று அவர் சொன்னதும் சிரிப்பு நின்றது. அப்புறம் உப்புப் பூத்த முதுகைச் சொறிந்துகொண்டே என்னைக் கடந்து போவார்கள். சாப்பிடும்போது என் பக்கத்து இடம் காலியாக இருக்கும்.

அதைக்கூட மறந்துவிடலாம். அன்று நான் சமையல்கட்டுக்குத் திரும்பியபோது, பையா மண்டி போட்டு உட்கார்ந்து, தரையில் தேங்கியதைத் தட்டால் வழித்து வழித்து வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவ ஆகும் என்றார். திட்டவில்லை.

"உங்க ஊர்ல நல்ல மழையோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தன் அம்மா தண்ணீர் வண்டிக்காகக் காலையிலிருந்து குடத்தோடு காத்துக் கிடப்பதை முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். நான் கதை கேட்பதுபோலக் கேட்டுவைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது...

லீவில் வந்தபோது வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது கப்பலை விட்டு வந்தாயிற்று. இந்தக் கோடையில் ஜீப்பில் மேலே போனேன். ஊற்று நூலாக இளைத்துக் கிடக்கிறது. ஓஸ் முனையில் குழாய் மாட்டியிருக்கிறார்கள். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"வெரசா மூடு அப்பு, சிந்துது" என்றார் அப்பா. சொல்லிக்கொண்டே குனிந்து, கல் குழியில் தேங்கியதைச் சிரட்டையால் வழித்து வாளியில் ஊற்றினார்.

என் முகம் சுட்டது. கப்பல் கதையை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தச் சமையக்காரரு உன்னைய ஒண்ணும் வையலையா?"

"இல்லப்பா."

"நாலு வார்த்த வஞ்சிருந்தா அன்னைக்கே தீந்துருக்கும். இம்புட்டு நாளு சொமந்துருக்க மாட்ட."

அன்று அங்கேயே படுத்தேன். வாசலில் டிரம் இருக்கிறது, சத்தம் இல்லை... தூக்கமே வரவில்லை மாப்ளைகளா.