மிஷினுக்கு வைத்த பொட்டு

உடுமலைப்பேட்டையில் என் பட்டறையைத் தெரியாத தோப்புக்காரர் இருந்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். மரம் அறுக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின் எல்லாம் என்னிடம்தான் வரும். எங்க வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருவார். ஸ்பேனர் பிடிப்பது நான். மூணாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள். ஆனால் கம்பெனிக்காரனே கையை விரித்த மிஷின்களை ஓட்டிக் காட்டியிருக்கிறேன். ‘பழைய மாடலுங்க, பார்ட்ஸ் வராது, தூக்கிப் போடுங்க’ என்று கம்பெனிப் பையன் சொல்வான். மறுநாள் அதே மிஷின் என் வாசலில் நின்று உறுமும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழிலை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பது வயசில், ஒரு தோட்டத்து ஆம்பளைகள் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நின்றுபோன மிஷினை ஓட விட்டவள் நான் என்பேன். இந்தக் கதை எங்கள் சொந்தபந்தம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்தது பாதிதான். மீதிப் பாதியையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சித்தப்பாவுக்கு விவசாயத்தில் மனசு ஒட்டவில்லை. மலைமேல் எஸ்டேட்டுக்குக் கொஞ்ச நாள் வேலைக்குப் போனவர், திரும்பும்போது ஒரு மரம் அறுக்கும் மிஷினோடு வந்தார். எஸ்டேட்டில் அடித்துத் துவைத்துக் கழித்துப்போட்ட வெளிநாட்டு மிஷின். பெயின்ட் எல்லாம் போய், கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருந்தது. ஆனாலும் எங்கள் சுத்துப்பட்டில் அதுதான் முதல் மிஷின். அதுவரை மரம் என்றால் கைவாள்தான். இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் நின்று நாள் கணக்கில் இழுக்க வேண்டும். சித்தப்பா கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால், வெற்றிலை மென்று துப்புவதற்குள் மரம் கீழே கிடக்கும். ஊர் நாயெல்லாம் வீட்டுக்குள் ஓடி ஒளியும். சித்தப்பாவின் நடையே மாறிப்போனது.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் சாமான்களுக்குப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் நெற்றி எது என்று நானேதான் முடிவு செய்ய வேண்டும். மிஷினுக்கு அந்தக் குழப்பமே இல்லை. மேலே பெட்ரோல் ஊற்றுகிற இடத்து மூடி நல்ல வட்டமாக, நெற்றி மாதிரியே இருந்தது. அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் குழி. பொட்டு வைக்க வேண்டிய இடத்துக்கு மிஷின் செய்தவனே புள்ளி வைத்துக் கொடுத்த மாதிரி. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அந்தக் குழியில் நன்றாக அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். சித்தப்பா பார்த்துவிட்டு, “மாப்ள மாதிரி இருக்குது பாரு அம்மணி” என்றார்.

மாப்பிள்ளை ஆகிற யோசனை அவருக்கும் இருந்தது. உடுமலைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை. காடு கரை இருக்கும்போது மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவருக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று இழுத்தடித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மழைக்காற்றில் அவர் தோட்டத்துப் புளியமரம் வேரோடு சாய்ந்து, பாசன வாய்க்காலுக்குக் குறுக்கே விழுந்தது. பத்து நாளில் வாய்க்காலில் தண்ணீர் விடப்போகிறார்கள். மரம் அப்படியே கிடந்தால் அதற்குக் கீழே ஒரு வயலுக்கும் தண்ணீர் போகாது. அவரிடமிருந்து சேதி வந்தது: மிஷின்காரர் முதலில் மரத்தை அறுத்துக் கொடுக்கட்டும், அப்புறம் கல்யாணம் பேசலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சித்தப்பா பதில் சொல்லி அனுப்பினார். அந்த ஒரே நாள்தான் வம்பாகிப்போனது.

கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டுக்கு வயசுப்பையன் தனியாகப் போனால் ஊர் பேசும் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினார். சும்மா போவேனா? அரம் எடுத்துக் கொடுப்பது, ஆயில் டப்பா பிடிப்பது என்று எனக்கு நானே உத்தியோகம் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மிஷின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. கிளைகள் மளமளவென்று விழுந்தன. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். மிஷின் ரெண்டு தும்மல் போட்டு நின்றுவிட்டது. சித்தப்பா கயிற்றை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். பெட்ரோல் நிறைய இருந்தது. மூடிவிட்டு இழுத்தார், ஓடியது. மறுபடி ஐந்து நிமிஷம், மறுபடி தும்மல். “சூடாயிருச்சுங்க, கொஞ்சம் ஆறட்டும்” என்று சமாளித்தார்.

கைவாள் இழுக்கிற பெரியவர் ஒருத்தர் வேடிக்கை பார்க்க வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். மிஷின் வந்ததிலிருந்து அவருக்கு வேலை குறைந்துபோன வருத்தம். “ஏனுங்க தம்பி, மிஷினுக்குப் பசிக்குதாட்ட இருக்குதுங்களே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கிண்டலுக்குச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்பது அவருக்கே தெரியாது.

மறுநாள் மிஷினைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினோம். என் மடியில் பாதி, சித்தப்பா மடியில் பாதி.

“சாக்குல என்னங்க, ஆட்டுக்குட்டியா? பஸ்ஸுக்குள்ள கத்தாதுங்களா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“கத்த மாட்டீங்குதுன்னுதானுங்க கொண்டு போறோம்” என்றார் சித்தப்பா.

உக்கடத்தில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய் ஒருத்தர் இருந்தார். கடை என்றால் கால் வைக்க இடமில்லாத குவியல். எந்தக் குவியலில் எது கிடக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, கரண்டு பக்கம் கண்டென்சர் போயிருக்கும் என்றார். இந்த மிஷினின் கண்டென்சரை எங்கே போய்த் தேடுவது? குவியலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார்.

“இது ஸ்கூட்டரோடது தம்பி. மிஷினுக்குத் தெரியவா போகுது? போடுங்க” என்றார்.

சித்தப்பா மாட்டி முடித்ததும், பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பதற்காகப் பாய் மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஓட்டினார். கால் மணி நேரம் விடாமல் ஓடியது. கடைத்தெருவே காதைப் பொத்தியது. நானோ, பொட்டு கலைந்துவிடக் கூடாதே என்று மூடியை உள்ளங்கையில் பதமாக ஏந்திக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், நல்ல காரியத்துக்குப் போகிறதே என்று சந்தனத்தை இன்னொரு தரம் அழுத்தி வைத்தேன். தோட்டத்தில் போய் ஓட்டினால் ஐந்து நிமிஷம், தும்மல், மூச்சு போய்விட்டது.

“பாய் கடைல ஓடுதுங்க, இங்க வந்தா நிக்குதுங்க” என்று சித்தப்பா தலையில் கை வைத்தார்.

“டவுனைப் பார்த்துப்போட்டு மிஷினுக்குத் தோட்டவேலை புடிக்கிலீங்களாட்ட இருக்குது” என்றார் கைவாள் பெரியவர்.

கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். மறுபடியும் உக்கடம். இந்தத் தடவை பாய் கார்பரேட்டரைப் பிரித்தார். உள்ளே தாள் மாதிரி ஒரு மெல்லிய ரப்பர் விறைத்துப்போயிருந்தது. அதற்கும் பார்ட்ஸ் கிடையாது. வேறு ஏதோ பம்பின் ரப்பரை எடுத்து, பழையதை மேலே வைத்து அச்சாகக் கத்தரித்து, துளை போடுகிற உளியை வைத்துத் தட்டி ஓட்டை போட்டார். ஒரு மணி நேர வேலை. அந்தக் கையை நான் இமைக்காமல் பார்த்தேன். இன்றைக்கும் பார்ட்ஸ் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும், செய்தால் உண்டு. பிளக்கையும் புதுசாக மாற்றி, மூடியைக் கழற்றி வைத்து ஓட்டிப் பார்த்தார். அழகாக ஓடியது. இதற்குள் இழுத்து இழுத்துக் கயிறும் அறுந்துபோக, சோமனூரில் தறி ஓட்டுகிற அத்தை வீட்டிலிருந்து நைலான் கயிறு வாங்கிக் கட்டினோம். பிளக் புதுசு, கண்டென்சர் ஸ்கூட்டருது, ரப்பர் பம்புது, கயிறு தறியுது. யாரும் கை வைக்காத பாகம் மூடி ஒன்றுதான். அதற்கு நான், திருஷ்டியெல்லாம் ஓடிப்போகட்டும் என்று, எப்போதையும்விடப் பெரிய பொட்டாக வைத்தேன்.

கடைசி நாள். மறுநாள் விடிந்தால் வாய்க்காலில் தண்ணீர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கைவாள்காரர்கள் நான்கு பேர் வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சொல்லி வரவழைத்திருக்கிறார். சித்தப்பா அவர்களைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். மிஷின் கிளம்பியது, அடிமரத்தில் ஒரு சாண் இறங்கியது, தும்மியது, நின்றது.

“போதுமுங்க தம்பி” என்றார் பெண்ணின் அப்பா. குரல் உயரவே இல்லை. “நம்ம ஆளுங்க விடிய விடிய இழுத்துக்குவாங்க. நீங்க இருந்து சாப்புட்டுப் போட்டுப் போங்க.”

எங்கள் பக்கத்து ஆள் அந்தக் குரலில் சாப்பிட்டுப் போகச் சொன்னால், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம். அது எனக்கே தெரிந்தது. சித்தப்பா மிஷினைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிழலில் வைத்துவிட்டு, முகம் கழுவக் கிணற்றுப் பக்கம் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

அப்போதுதான் அந்தப் பெண் மோர்ச் சொம்போடு வந்தார். நாங்கள் வந்த மூன்று நாளும் மோர் கொண்டுவந்து வைத்தது அவர்தான். ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சொம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏங்கண்ணு, இந்தப் பொட்டு நீ வெச்சதா?”

“ஆமாங்க. ஒவ்வொருக்காவும் நான்தானுங்க” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“நின்னதுக்கப்பறம் மூடியத் தொறந்தா புஸ்ஸுங்குது. அப்பறம் ஓடுது. மூணு நாளா அந்தச் சத்தத்தைக் கேக்கறேன்” என்றவர், “எண்ணெ டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெ ஒழுங்கா ஊத்துமா அம்மணி?” என்று கேட்டார்.

“ஊத்தாதுங்க. காத்துப் போறதுக்கு இன்னொன்னு போடோணும்.”

“அதேதான்” என்று மூடியைக் காட்டினார். அவர் விரல் காட்டிய இடத்தில் என் பெரிய பொட்டு கல் மாதிரி காய்ந்திருந்தது.

தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி என் கையில் கொடுத்தார். நான் குத்தினேன். மூன்று தரம் வைத்த சந்தனம் பொருக்குப் பொருக்காக வந்தது. மூடியைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன், காற்று அந்தப் பக்கம் போனது.

“நீயாத்தான் கண்டுபுடிச்சேன்னு சொல்லு. நான் இங்க வரவேயில்ல, செரியா?” என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் வாசம் அடித்த ஊசியைத் துடைக்கக்கூடச் செய்யாமல் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய புகழை ஒருத்தர் சும்மா கொடுத்துவிட்டுப் போகும்போது யாராவது காரணம் கேட்பார்களா?

“சித்தப்பா! கண்டுபுடிச்சுப்போட்டேன்!” என்று நான் போட்ட சத்தத்தில் கைவாள்காரர்கள் எழுந்தே விட்டார்கள். சித்தப்பா நம்பாமல்தான் வந்தார், நம்பாமல்தான் கயிற்றை இழுத்தார். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. மிஷின் அதற்கப்புறம் நின்றது பெட்ரோல் தீர்ந்து நின்றதுதான். சாயங்காலத்துக்குள் அடிமரம் துண்டு துண்டாகக் கிடந்தது. கைவாள்காரர்களே கடப்பாரை போட்டு உருட்டிக் கரையேற்றினார்கள். “பசியாறிருச்சுங்களாட்ட இருக்குது” என்றார் பெரியவர்.

“யாருங்க செரி பண்ணுனது?” என்று பெண்ணின் அப்பா கேட்டார். சித்தப்பா என்னைத் தூக்கி அறுத்த மரத்தின்மேல் நிறுத்தினார். காற்றுப் போகிற ஓட்டை அடைத்திருந்தது, குத்திவிட்டேன் என்றேன். அடைத்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“மாப்ள ஊட்டுப் பொடுசுக்கே இத்தனை வெவரமுங்களா!” என்று சிரித்தார் அவர். மாப்பிள்ளை என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. நான் கிணற்றுப் பக்கம் பார்த்தேன். அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மோர்ச் சொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரமாக அதே சொம்பை.

தை மாசம் கல்யாணம். அடுத்த ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்துக் கொடுத்தது சித்திதான். “மிஷினுக்குக் கைப்புடில வை அம்மணி” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. விசேஷ வீடுகளில் நான் இந்தக் கதையைக் கொண்டாட்டமாகச் சொல்லும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்பார். நடுவில் ஒருதரம் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

என் கை ராசியைப் பற்றி எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அன்றைக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். ஊசி அவருடையது, யோசனை அவருடையது, அவரே குத்தியிருக்கலாமே. பெட்ரோல் என்றால் அவருக்குப் பயம், அதனால்தான் தைரியசாலியான என்னைப் பிடித்தார் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்காலைத் திறக்க அவர் அப்பாவுக்கு ஒரு அவசரம், சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சித்தப்பாவுக்கு ஒரு அவசரம். அந்த இரண்டையும்விடப் பெரிய அவசரம் ஒன்று மூன்று நாளாக மோர்ச் சொம்போடு அந்தத் தோட்டத்தில் நடமாடிக்கொண்டிருந்தது ஒன்பது வயசுக்காரியின் கண்ணில் எப்படிப் படும்?